இரண்டடித் தொட்டியில் எந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

வில்லிவாக்கம்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்துள்ளோம். ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரில் உள்ள வண்ணமீன் கடைகளுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். மகளுக்கு கோல்டு ஃபிஷ் வேண்டும், மகனுக்கு ஏஞ்சல் மீன் வேண்டும், எனக்கு நியான் டெட்ரா பிடிக்கும். தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்க டேங்க் கிளீனர் மீன் ஒன்றையும் வாங்கலாமா? எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர்தான் வருகிறது. குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படியும்.

நீர்த்தோட்டம்:
நீங்கள் குறிப்பிட்ட நான்கையும் ஒரே தொட்டியில் விடுவது சரிவராது. கோல்டு ஃபிஷ் 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீரை விரும்பும் மீன், 15 செ.மீ. வரையிலும் அதற்கு மேலும் வளரும், கழிவும் மிகுதி. ஏஞ்சல் குட்டியாக இருக்கும்வரை சாதுவாகத் தெரிந்தாலும், வளர்ந்தபின் வாய்க்குள் அடங்கும் நியானை இரையாகவே பார்க்கும். அதன் உயரத்துக்கு ஓரடித் தொட்டியும் போதாது. டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. பாசியை ஓரளவு தின்றாலும், அதைவிடக் கூடுதலாகத் தொட்டியை அழுக்காக்கும். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியவில்லை.

உங்களிடம் உள்ள தண்ணீரைக் கொண்டே மீனை முடிவு செய்யுங்கள். உப்புப் படியும் கடின நீரில் கப்பியும் பிளாட்டியும் நன்றாக வாழும். கப்பி ஆறேழு, பிளாட்டி நான்கு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆண்களையும் பெண்களையும் சேர்த்து வாங்கினால் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். இல்லையெனில் ஆண்கள் ஓயாமல் துரத்திப் பெண்களைச் சோர்வடையச் செய்துவிடும். ஏறத்தாழ மாதந்தோறும் குட்டிகள் பிறக்கும் என்பதால், அவற்றைப் பராமரிக்க இயலாதவர்கள் இரண்டு இனங்களிலும் ஆண்களை மட்டும் வாங்குவது நல்லது. அழகுக்காக ஃபைட்டர் மீன் ஒன்றையும் சேர்த்துவிடாதீர்கள். கப்பியின் நீண்ட வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணித் தாக்கிவிடும்.

டெட்ரா ரசிகன்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் டெட்ரா ஆசையை அடியோடு கைவிட வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரைப் போர் தண்ணீரோடு ஒரே விகிதத்தில் தொடர்ந்து கலந்துவந்தால் கடினத்தன்மை குறையும். நியானைவிடக் கார்டினல் டெட்ரா நம் ஊர் வெப்பத்தை ஓரளவு தாங்கும். எட்டுப் பத்து மீன்களைக் கூட்டமாக விடுங்கள். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் மூலையில் ஒடுங்கி நிறம் மங்கிவிடும். அப்போது கப்பியும் பிளாட்டியும் வேண்டாம்.

நீர்த்தோட்டம்:
அது இயலும்தான். ஆனால் வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது அதே கலவையைத் தயாரிக்கும் பொறுமை வேண்டும். முதல் தொட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாடித்தொட்டி:
மீன் தேர்வைவிட அவசரமான ஒன்றைச் சொல்கிறேன்: இந்த ஞாயிறு மீனே வாங்காதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் எவரேனும் பழைய பஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் காலம் குறையும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். எப்போதாவது மெட்ரோ வாட்டர் எனப்படும் மாநகரக் குடிநீரைப் பயன்படுத்த நேர்ந்தால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

சென்னையில் ஹீட்டர் தேவைப்படுவது அரிது. மே மாத வெப்பமே கவலை. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப்பை நிறுத்தாமல், மூடியைச் சற்று விலக்கி, நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியின் காற்று படும்படி வையுங்கள்.

வில்லிவாக்கம்வாசி:
மிக்க நன்றி. ஆண் கப்பியும் ஆண் பிளாட்டியும் என்று முடிவு செய்துவிட்டோம். மகளையும் மகனையும் சம்மதிக்க வைத்தாயிற்று. ஒரே ஓர் ஐயம்: உறவினர் ஒருவர் தம்மிடம் பெரிதாகிவிட்ட சக்கர் மீனை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். வேண்டாமென்றால் ஏரியில் விட்டுவிடுவாராம்.

நீர்த்தோட்டம்:
தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அது தென் அமெரிக்க மீன். இங்குள்ள நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, நம் ஊர் மீன்களுக்கு இடமும் இரையும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ, திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடையிலோ கொடுத்துவிடச் சொல்லுங்கள்.