புதுப்பிப்பு: நெய்க்கும் ஊறுகாய்க்கும் எந்த டின்? முடிவெடுத்துவிட்டோம்

வீட்டில் நெய் உருக்கி, மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறோம், தகர டின் வாங்குவதா அலுமினிய டப்பாவா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நெய்க்குத் தகர டின்தான். இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாததால் நெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. பஸ் பார்சலில் போயும் ஒடுங்கவில்லை. அலுமினிய டப்பா மூலையில் நசுங்கியே போய்ச் சேர்ந்தது.

ஊறுகாயில்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. புளிப்பு தகட்டில் படாமல் இருக்க, வெள்ளீயத்துக்கு மேல் உள்ளே இன்னொரு பூச்சும் உண்டு என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்ன தகர டின்கள். சோதனைக்கு ஆறு டின்னில் போட்டு மூன்று வாரம் வைத்தோம். திறந்தால், பக்கவாட்டில் தகடு வெல்டிங் ஆகும் இடம் நெடுக மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு கோடு, ஓரத்தில் துரு. அந்த இடத்தில் மட்டும் அந்த உள்பூச்சு பிடிக்கவே இல்லை. ஆறையும் கொட்டிவிட்டோம். சரி, அலுமினியம்? புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அதையும் அரித்துவிடும். அதனால் ஊறுகாய் இனி கண்ணாடி பாட்டிலில் மட்டும்.

அப்புறம் அளவு. 500 மில்லி டின்னில் நெய் சுமார் 455 கிராம்தான் பிடிக்கும். அரைக் கிலோ என்று லேபிள் ஒட்டுவதானால் 550 மில்லிக்கு மேல் கொள்ளும் டின்னாகக் கேளுங்கள்.

இப்போது நெய்க்கு 200 டின் சொல்லியிருக்கிறோம். வந்ததும் முதலில் உள்ளே அந்த வெல்டிங் கோட்டைத்தான் பார்ப்பேன்.