டீசலை வித்துட்டு உசாரான பழைய பெற்றோல் கார்: திருகோணமலைக்கு எது சரிவரும்?

கேள்வி: உப்புவெளி_5ஆம்கியர்

அண்ணாமாருக்கு வணக்கம். இப்ப இருக்கிறது 1.4 டீசல் ஹேச்பேக், 2,10,000 கி.மீ. ஓடினது. டீசல் பம்ப், இன்ஜெக்டர் ரெண்டுக்கும் வேலை வந்திருக்கு. அதில காசு கொட்டாம வித்துட்டு, மிதிச்சா போற ஒரு பெற்றோல் கார் எடுக்கலாமெண்டு நினைக்கிறன். 2025 பெப்ரவரிக்குப் பிறகு இறங்கின வாகனமெல்லாம் என்ட கைக்கு எட்டாது, பழசுதான்.

மாதம் 1200 கி.மீ. ஓடும். உப்புவெளியில இருந்து ரவுணுக்கு ஒவ்வொரு நாளும், கொழும்புக்கு மாதம் ஒருக்கா. பின் சீற்றில ரெண்டு பிள்ளைகள். மனுவல் கியர்தான் வேணும். பார்த்து வச்சிருக்கிறது: சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் (இசட்சி31எஸ்), டொயோட்டா விட்ஸ் ஆர்எஸ் (என்சிபி91), ஹொண்டா சிஆர்-இசட். ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் (ஜிபி5) எஸ் பக்கேஜும் ஸ்போர்ட் மாதிரித்தான் எண்டு ஒரு தரகர் சொல்றார். எதை எடுக்கலாம், எதைப் பார்த்து எடுக்கவேணும்?

பதில் 1: வாடைக்காத்து

ஸ்விஃப்ட் ஸ்போர்ட். ஆனா முதல் கிழமை ஏமாந்து போன மாதிரித்தான் இருக்கும், காரணம் உங்கட கால். டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்றில இழுத்துப் போட்டு 3500இல களைச்சுப் போகும். ஸ்போர்ட்டின்ட எம்16ஏ எஞ்சின் அதுக்கு நேர் எதிர். 1.6 லீற்றர், 125 குதிரைவலு வாறது 6800 சுற்றில, உச்ச முறுக்குவிசை 148 நியூட்டன் மீற்றர் வாறது 4800இல. டீசல் பழக்கத்தில 2000இல கியர் மாத்தினா "இதென்ன சாதா ஸ்விஃப்ட் மாதிரிக் கிடக்கு" எண்டுவீங்க. 4000க்கு மேல வச்சு ஓட்டினாத்தான் என்னத்துக்குக் காசு குடுத்தீங்க எண்டு விளங்கும். காரின்ட எடை 1060 கிலோ அளவு. பின்னுக்கும் டிஸ்க் பிரேக். 5 கியர்தான், கட்டையான கியர். 100இல போகேக்க 3000 சுற்று அளவில நிக்கும், ஹபரண நேர் ரோட்டில அந்தச் சத்தம் காதில இருந்துகொண்டேயிருக்கும்.

இதுக்கு அடுத்த ஸ்போர்ட் மொடல் இசட்சி32எஸ் கிடைச்சா இன்னும் நல்லம்: 136 குதிரைவலு, 6 கியர். அதுக்குப் பிறகு வந்த 1.4 டேர்போ இசட்சி33எஸ் 970 கிலோதான், 230 நியூட்டன் மீற்றர் 2500 சுற்றிலயே வந்திடும். டீசல் காலுக்கு அச்சொட்டாப் பொருந்தும், விலைதான் பொருந்தாது.

எரிபொருள் கணக்கையும் இப்பவே போட்டுப் பாருங்க. டீசல் லீற்றருக்கு 16 ஓடுதெண்டா 1200 கி.மீ.க்கு 75 லீற்றர். ஸ்போர்ட் கலந்த ஓட்டத்துக்கு 11 எண்டு வையுங்க, 109 லீற்றர் வரும். அதுவும் 95 ஒக்டேன் பெற்றோல். இதைக் கேட்டதும் சில பேருக்கு ஆசை அடங்கிடும்.

பதில் 2: கராஜ்_வாசல்

95 எண்டதை வாடைக்காத்து ஒரு வரியில தாண்டிப் போட்டார். முழுச் சிக்கலும் அங்கதான் இருக்கு. எம்16ஏ ஸ்போர்ட் எஞ்சினின்ட அமுக்க விகிதம் 11.1. ஜப்பானில பிரீமியம் பெற்றோலுக்கெண்டே செய்தது. 92 அடிச்சா எஞ்சின் உடன வெடிக்காது. நொக் (பெற்றோல் கலவை தன்பாட்டில வெடிக்கிறது) சென்சர் அதைப் பிடிச்சு தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை குறையும், குறைஞ்ச இழுவையை ஈடுகட்ட நீங்க கூட மிதிப்பீங்க, கடைசியில மிச்சம் பிடிச்ச காசும் போயிடும். பங்குனி, சித்திரை வெயிலில ஏசி போட்டு நாலு பேரோட ஏத்தத்தில போகேக்க "டிக் டிக்" எண்டு கேட்டா அது நொக். அந்தச் சத்தத்தோட மாசக்கணக்கா ஓடினா பிஸ்டனுக்குக் கேடு. எண்ணெய்க் குதம் சீனக்குடாவில இருக்கெண்டதுக்காக எங்கட பக்கத்து எல்லாப் பெற்றோல் செட்டிலயும் எப்பவும் 95 இருக்குமெண்டு நம்பாதீங்க. புல்மோட்டைப் பக்கம் போறதெண்டா நிரப்பிக்கொண்டு போங்க.

நான் சொல்றது விட்ஸ் ஆர்எஸ். 1என்இசட் எஞ்சின், 1.5 லீற்றர், 110 குதிரைவலு. 92இல நிம்மதியா ஓடும், லீற்றருக்கு 13 தரும், மாசம் 92 லீற்றர். குதிரைவலு குறைவுதான், ஆனா இதே எஞ்சின் கொரோலா 121, 141, அலியன், புரோபொக்ஸ் எல்லாத்திலயும் இருக்கு. வோட்டர் பம்ப், கொயில், சென்சர், எஞ்சின் மவுண்ட் எதெண்டாலும் அண்டைக்கே கையில. ஸ்போர்ட்டுக்கு வடிகட்டி, வோட்டர் பம்ப் மாதிரிச் சாமான் எஸ்எக்ஸ்4 1.6 காருக்கு வாறது பொருந்தும். கேம், பிஸ்டன் வேற. கியர்பொக்ஸ் உள்சாமான், முன் பம்பர், ஹெட்லைற் எண்டா கொழும்புக்குச் சொல்லி வச்சுக் காத்திருக்கவேணும்.

ஜிபி5: அந்தத் தரகரை நம்பாதீங்க. எஞ்சினும் மோட்டரும் சேர்த்து 137 குதிரைவலு எண்டது உண்மை. அந்த வலுவைச் சில்லுக்குக் கொண்டுபோறது 7 கியர் உலர் இரட்டைக் கிளச் ஒட்டோ கியர்பொக்ஸ். 2013, 2014இல ஜப்பானிலேயே திரும்பத் திரும்ப வரவழைச்சுத் திருத்தின வாகனம். சந்தைப் பக்க நெரிசலில ஊர்ந்து போற ஓட்டத்தில கிளச் சூடேறி நடுங்கும். மனுவல் கேக்கிற ஆள் அதுக்குப் பக்கத்திலயும் போகத் தேவையில்ல.

சிஆர்-இசட் வடிவான கார், 6 கியர் மனுவலும் இருக்கு. பின் சீற்று பிள்ளைகளுக்கில்ல, பள்ளிக்கூடப் பைக்கு. அதின்ட பழைய மொடல் இசட்எஃப்1இல இருக்கிறது நிக்கல் ஹைபிரிட் பற்றரி, வெயிலில நிண்டு நிண்டு பலம் இழக்கும்.

பதில் 3: கொட்டியாரக்குடா

எஞ்சினைப் பற்றி இரண்டு பேரும் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் பழைய காரைச் சாகடிப்பது எஞ்சின் அல்ல, உப்பு. எஞ்சினை இறக்கி ஏற்றலாம். உக்கிப்போன தகட்டை வெட்டி ஒட்டிய கார் பழைய பலத்துக்குத் திரும்பாது. எந்த மொடல் என்பதை விட எங்கே நின்ற கார் என்பதை முதலில் கேளுங்கள். கடலோரத்தில் கூரையில்லாமல் நின்ற குறைந்த கிலோமீற்றர் காரை விட, குருநாகல் பக்கம் ஓடித் தேய்ந்த கார் மேல்.

பார்க்கும் ஒழுங்கு இது. பொனற்றைத் திறந்து, முன் ஷொக் அப்சோபர் தலை பொருத்தியிருக்கும் தகட்டைச் சுற்றியுள்ள மூட்டுகளைப் பாருங்கள். சீலர் புதிதாகப் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின்னால் ஸ்பெயர் சில்லைத் தூக்கி அதன் கிண்ணத்தில் தண்ணீர்க் கறை, துரு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அலை அலையாகத் தகடு இருந்தால் பின்னால் இடிபட்ட கார். பிறகு காரை உயர்த்துங்கள், ஜாக்கியில் அல்ல, சேர்விஸ் நிலையத்துத் தூக்கியில். கதவுக்குக் கீழான சில் தகட்டை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டு போனால் நல்ல தகடு கணீரென்னும், உக்கியது மொத்தென்னும். பின் அச்சு பீம், அதன் புஷ், பிரேக் ஒயில் போகும் இரும்புக் குழாய், ஏபிஎஸ் சென்சர் வயர் ஆகிய நான்கும் கடைசி. பிரேக் குழாயில் மேற்பரப்புத் துரு பரவாயில்லை. நகத்தால் சுரண்டச் செதில் கழன்றால் மாற்றவேண்டும். அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்புத் தார் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் தார் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு இன்னும் வேகமாக உக்கும்.

ஜப்பானிலிருந்து வந்தபோதே துருவோடு வந்ததும் உண்டு. ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதிகளில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். ஏலத் தாள் (ஜப்பான் ஏலத்தில் காரைப் பரிசோதித்து எழுதிய தாள்) இருந்தால் வாங்கிப் பாருங்கள்: வரைபடத்தில் "எஸ்" துரு, "சி" அரிப்பு, தரத்தில் "ஆர்" அல்லது "ஆர்ஏ" என்றால் திருத்திய வாகனம். விற்பவர் காட்டும் தாளை அப்படியே நம்பாமல் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து நீங்களே எடுப்பியுங்கள். கிலோமீற்றரைக் குறைத்தவர்கள் அகப்படுவதும் அங்கேதான்.

வாங்கிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் அதை அடிக்கவேண்டாம்.

உப்புவெளி_5ஆம்கியர்

நன்றி அண்ணாமார். இப்ப ரெண்டு கார் கண்ணில பட்டிருக்கு. ஒண்டு உள்ளூரில 2008 ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மனுவல்: ஸ்பிரிங் மாத்தி உயரத்தைக் குறைச்சிருக்கு, கோன் வடிவ காத்து ஃபில்ட்டர், பெரிய சைலன்சர். மற்றது குருநாகலில விட்ஸ் ஆர்எஸ், ஒண்டும் மாத்தாதது, ஆனா சிவிடி (ஒட்டோ) கியர், ஓப்பன் பேப்பர் (பேர் மாத்தாம கைமாறினது). ஸ்போர்ட்டில மாத்தினதையெல்லாம் திரும்பக் கழட்டிடலாம்தானே?

பதில் 4: கராஜ்_வாசல்

கழட்டலாம், ஒரிஜினல் சாமானை அவர் வச்சிருந்தா. "ஒரிஜினல் ஸ்பிரிங், சைலன்சர், ஃபில்ட்டர் பெட்டி இருக்கோ" எண்டு முதல் கேளுங்க. இல்லையெண்டா அந்தச் செலவை விலையில கழிக்கவேணும். ஸ்பிரிங் மாத்தினதோ, வெட்டினதோ எண்டு கட்டாயம் பாருங்க. வெட்டினா நுனி தட்டையா இராது. அப்பிடியெண்டா ஷொக் நாலும் முடிஞ்சிருக்கும், அதோட முன் லோவர் ஆர்ம் புஷ்ஷும். டயரின்ட உள்பக்கம் மட்டும் மொட்டையாத் தேஞ்சிருந்தா அதுதான் சாட்சி.

கோன் ஃபில்ட்டர் எஞ்சின் அறையின்ட சூட்டுக் காத்தைத்தான் உறிஞ்சும், சத்தத்தைத் தவிர லாபமில்ல. எண்ணெய் பூசின வகையெண்டா காத்து அளக்கிற சென்சரில படிஞ்சு கலவை மெலியும், பி0171 எண்ட கோட் வரும். சைலன்சரோட சேர்த்து கற்றலைற்றிக்கையும் (புகையைச் சுத்திகரிக்கிற பாகம்) எடுத்திட்டாங்களோ எண்டு கீழ படுத்துப் பாருங்க. அது இல்லாட்டி புகைப் பரிசோதனையில கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் கூடிப் போய் விழும், சான்றிதழ் இல்லாம பிரதேச செயலகத்தில வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. சாவியை ஒன் பண்ணேக்க மஞ்சள் எஞ்சின் லைற் ஒருக்கா எரிஞ்சு, ஸ்டார்ட் பண்ண அணையவேணும். எரியவே இல்லையெண்டா பல்ப்பைக் கழட்டி வச்சிருக்கிறாங்க. மலிவு புளூடூத் ஸ்கேனர் எல்லா ஜப்பான் காரோடயும் பேசாது, சுசுகி படிக்கிற ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்க.

ஓட்டிப் பார்க்கேக்க: காலமை எஞ்சின் பச்சைத் தண்ணியாக் குளிர்ந்து கிடக்கேக்க போங்க. நீங்க வர முன்னமே சூடாக்கி வச்சிருந்தா வேறொரு நாளைக்கு வாறன் எண்டு திரும்பிடுங்க. ஸ்டார்ட்டில ரெண்டு மூண்டு செக்கன் எஞ்சின் டைமிங் சங்கிலி கலகலத்தா, ஒயில் மட்டம் குறைஞ்சிருக்கு, அல்லது சங்கிலியை இறுக்கிற டென்ஷனர் தேஞ்சிருக்கு. சூடான பிறகு 5000 சுற்றில ரெண்டாம் கியரில இருந்து மூண்டுக்குப் போடுங்க. "கிரீச்" எண்டா சிங்க்ரோ போயிட்டுது, கியர்பொக்ஸ் இறக்கவேணும். ஸ்போர்ட்டில அடி வாங்கிறது இந்த மூண்டாம் கியர்தான். நாலாம் கியரில 40இல போய் முழுக்க மிதிங்க. சுற்று ஏறி வேகம் ஏறாட்டி கிளச் வழுக்குது.

அதோட உவர்மலை இறக்கத்தில ரெண்டாம் கியரில கால் எடுத்து இறங்கி, அடியில வந்து சட்டெண்டு மிதிச்சு கண்ணாடியில பாருங்க. அந்த நேரம் மட்டும் நீலப் புகை ஒரு மூச்சு வந்தா வால்வ் சீல், சமாளிக்கலாம். மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தா பிஸ்டன் ரிங். கொம்பிரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) நாலு சிலிண்டருக்கும் எடுப்பியுங்க, ஒண்டுக்கொண்டு 15 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் வந்தா விட்டுடுங்க.

குருநாகல் விட்ஸ்: சிவிடி எண்டா நீங்க கேட்ட கார் அதில்ல. மனுவல் ஆர்எஸ் வரும், ஒரு ரெண்டு மாசம் பொறுங்க.

பதில் 5: வாடைக்காத்து

மாத்தி ஓட்டின ஸ்போர்ட் எண்டா நானும் கராஜ்_வாசல் பக்கம்தான். மாத்தாத ஸ்போர்ட் வந்தா திரும்பவும் என்ட பக்கம் வாங்க.

ஓப்பன் பேப்பர் பற்றி யாரும் சொல்லல்ல. பதிவுப் புத்தகத்தில இருக்கிற ஆள் ஒருத்தர், கையில வச்சு விக்கிறவர் இன்னொருத்தர் எண்டா, எம்டிஏ 6 எண்ட உரிமை மாற்றப் படிவத்தில கையெழுத்து வச்ச ஆளை நேரில காணாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. புத்தகத்தில பூரண உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கொம்பனி பேர் இருந்தா, காசு கட்டி முடிச்ச விடுவிப்புக் கடிதம் வேணும். எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் ரோச் அடிச்சு நீங்களே வாசிங்க. எஞ்சின் மாத்தினதெண்டா அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சிருக்கவேணும். காப்புறுதிக்கும் மாத்தின சாமானைச் சொல்லாம விட்டா இழப்பீடு கேக்கிற நாள் சண்டைதான்.

கையில இருக்கிற முழுக் காசையும் காருக்குக் குடுக்காம நூற்றுக்குப் பதினைஞ்சு பங்கை ஒதுக்கி வையுங்க. எடுத்த கிழமையே எஞ்சின் ஒயில் 4 லீற்றர் அளவு போகும், கியர் ஒயில், கூலன்ற், டொட் 4 பிரேக் ஒயில், பிளக் நாலு. மிச்சம் டயருக்கு. ஸ்போர்ட்டுக்கும் விட்ஸ் ஆர்எஸ்ஸுக்கும் ஒரே அளவுதான், 195/50 ஆர்16. ஆனா ஸ்போர்ட் ரிம் 5 நட், நட் வட்டம் 114.3 மி.மீ., சாதா ஸ்விஃப்ட்டின்ட 4 நட் ரிம் இதுக்கு ஏறாது, ஸ்பெயருக்கு எண்டு வாங்கி ஏமாறாதீங்க. டயர் பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டா 2019இன்ட 23ஆம் கிழமை. அப்பிடிப் பழசா இருந்தா பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் நாலு டயர்க் காசைக் குறைச்சுக் கேளுங்க.