கலைச்சொல் உதவி: துடிப்புப் பிறழ்வு + இதயத்தசை நோய் (அவசரம்)

ம.:
நண்பர்களே, நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். இதயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மிக வேகமாகவோ தாறுமாறாகவோ துடித்தால் தசை தளர்ந்து இடக் கீழறை விரிந்துவிடும். மருந்தாலோ, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே பிசகிய இடத்தைச் சுட்டோ துடிப்பைச் சீராக்கினால் பெரும்பாலும் தசையும் சில மாதங்களில் தேறும். இதற்கு 'துடிப்புப் பிறழ்வு இதயத்தசை நோய்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

இர.:
போதாது. பொற்குடம் பொன்னாலாகிய குடம். தேர்ப்பாகன் தேரை ஓட்டும் பாகன். 'ஆல்', 'ஐ' போன்ற வேற்றுமை உருபும், பொருளை விளக்கும் 'ஆகிய', 'ஓட்டும்' போன்ற சொல்லும் மறைந்தால் உங்கள் தொகையும் இருபக்கம் விரியும்: பிறழ்வால் வந்த தசைநோயா, பிறழ்வைத் தரும் தசைநோயா? இரண்டாவதும் தனியாக உண்டே. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் படிந்து, அங்கிருந்து ஆபத்தான துடிப்பு கிளம்பும். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதில் துடிப்பை அடக்கினாலும் தசை பழையபடி ஆகாது. படிப்பவர் மாற்றிப் புரிந்துகொண்டால் வம்பு.

செ.:
அதற்கு முன், 'இதயம்' எதற்கு? நெஞ்சாங்குலை இருக்கிறதே. துடிப்புப் பிறழ்வின் ஆங்கிலப் பெயரான அரித்மியா என்பது கிரேக்க 'ரித்மோஸ்' (சீர், தாளம்), முன்னே எதிர்மறை 'அ'. நமக்கு யாப்பு இருக்கிறது. வெண்பாவில் தளை தட்டுவதுபோல இங்கே சீர் தட்டுகிறது. ஆக, 'சீர்தட்டு நெஞ்சாங்குலை நலிவு'. அப்புறம், துடி என்பது பாலைக்குரிய பறை, துடிப்பே அதிலிருந்து...

இர.:
துடியிலிருந்து துடிப்பா, துடிப்பிலிருந்து துடியா? வேறு இழை தொடங்குங்கள் ஐயா.

வ.:
இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ அறையில் 'நெஞ்சாங்குலை நலிவு' என்றால் நல்ல இதயமும் தடுமாறும். வருபவர்கள் 'ஹார்ட் வீக்' என்றுதான் சொல்கிறார்கள். என் சிக்கல் வேறு. இரண்டும் சேர்ந்திருக்கும்போது எது முதலில் வந்தது என்று பல சமயம் தெரியாது. துடிப்பைச் சீராக்கிய பின் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் மீண்டால்தான் பிறழ்வே காரணம் என்று உறுதியாகும். அதுவரை இந்தப் பெயரே சந்தேகத்துக்குரியது. இன்னொன்று: எப்போதோ வரும் ஓரிரு மிகைத்துடிப்புகளால் இந்த நோய் வராது. ஒரு நாளைய துடிப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் பொதுவாக யோசிப்போம். அதையும் அறிக்கையில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு துடிப்பு தப்பியதற்கே ஓடிவருவார்கள்.

ம.:
சேர்த்துவிட்டேன். சொல்லை 'துடிப்புப் பிறழ்வால் வரும் இதயத்தசை நோய்' என்று விரித்தே போடுகிறேன். நீளம்தான், குழப்பமில்லை. காரணம் உறுதியாகாத நிலையில் 'துடிப்புப் பிறழ்வுடன் கூடிய இதயத்தசை நோய்'. இர., வ. இருவரும் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.

செ.:
'ஆல்' வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் இது கலைச்சொல் அல்ல, வாக்கியம். குலையை நான் விடுவதாக இல்லை.