கூடாரத்தை விசாலமாக்கு என்ற வசனத்தை நம்பி இரண்டாவது கடை திறந்தேன், இப்போது இரண்டும் மூடிக் கிடக்கின்றன

பேக்கரிக்காரன் (திருநெல்வேலி பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு மாஸ்டரிடம் பன்னிரண்டு வருடம் நின்று மக்ரூன், ரஸ்க், பன் எல்லாம் கற்றுக்கொண்டேன். அப்புறம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கடை போட்டேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபித்துத் திறந்து வைத்தார். முதல் வருடம் நன்றாகவே போனது. காலை நாலரைக்கு ஓவனைப் போட்டால் ஏழரைக்குள் தேங்காய் பன் காலியாகிவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரஸ்க் தூளைக்கூட விடாமல் வாங்கிப் போவார்கள்.

அந்த வருடக் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசன அட்டை. எனக்கு வந்தது ஏசாயா 54:2, உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு என்கிற வசனம். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏற்கெனவே இரண்டாவது கடை ஆசை மனதில் ஓடிக்கொண்டிருந்தது, இதுதான் கர்த்தருடைய பதில் என்று முடிவு செய்து அட்டையைக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டி வைத்தேன். ஏப்ரலில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடை. வங்கியில் ஏழு லட்சம், வீட்டுக்காரியின் நகை பதினான்கு பவுன் அடகு.

ஜூனில் பாலம் வேலை என்று முதல் கடைக்கு முன்னால் தோண்டிப் போட்டார்கள். பஸ் ஸ்டாப்பையும் அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். எட்டு மாதம் தூசிதான் வந்தது, ஆள் வரவில்லை. புதுக் கடையில் மாஸ்டர் சரியாக அமையவில்லை, நான் இரண்டுக்கும் நடுவே பைக்கில் ஓடி ஓடி இரண்டிலும் சரக்கின் தரம் இறங்கிப்போனது. அது முழுக்க என் தப்பு, யாரையும் சொல்ல முடியாது. போன மாதம் இரண்டையும் மூடிவிட்டேன். கடைசி நாள் அந்த அட்டையைப் பிய்க்கப் பார்த்தேன். பாதி கையோடு வந்தது, பாதி கல்லாப்பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்று ஞாயிறாகக் கோவிலுக்குப் போகவில்லை. சபைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மறைவான பாவம் ஏதாவது இருக்கும் தம்பி, அறிக்கை செய்துவிடு என்றார். இன்னொருவர் விசுவாசம் போதவில்லை என்றார். நான் கேட்பது இதுதான். அந்த வசனத்தைக் கர்த்தர் எனக்குத் தந்தாரா, நானாக எடுத்துக்கொண்டேனா? இனி வேதத்தைத் திறந்தால் எதை நம்பி வாசிப்பது? இதிலிருந்து எழுந்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி எழுந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே நூற்றுக்கு ஐந்து வட்டியில் இரண்டு லட்சம் வாங்கியிருக்கிறேன். அது வீட்டுக்காரிக்குத் தெரியாது.

---

லேத்பட்டறை (கோயம்புத்தூர்) எழுதியது:

தம்பி, 2017-ல் என் பட்டறையை மூடியவன் நான். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், நான் கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். அந்த நாட்களில் எனக்குக் கணக்கைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை.

முதலில் அந்த இரண்டு லட்சம். மாதம் பத்தாயிரம் வட்டிக்கே போகிறது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. எதை விற்றாவது இதை முதலில் முடி. மிரட்டல் வந்தால் பயந்து இன்னொரு இடத்தில் வாங்கி அடைக்காதே, அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-ல் போட்ட சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். வங்கிக் கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள், அதற்கு அப்புறம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் நீயாகப் போய் மேலாளரைப் பார்த்து, கடையை மூடிவிட்டேன், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று எழுத்தில் கேள். நான் போகாமல் ஒளிந்துகொண்டிருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். நகைக்கு வட்டியை மட்டுமாவது கட்டி மாற்றி வை, ஏலம் வரைக்கும் விட்டுவிடாதே. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அப்படியே போட்டு வைக்காமல் ரத்து செய்ய விண்ணப்பம் கொடு, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும், இல்லாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஓவனை முதலில் வருகிற பழைய சாமான்காரனிடம் தள்ளிவிடாதே. நம் அவசரம் முகத்தில் தெரிந்தால் பாதி விலைதான் கேட்பான்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது வேதத்தில் வருகிற நெகேமியா, எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டியவர். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கிறார். அப்புறம் ராத்திரியில் சில பேரைக் கூட்டிக்கொண்டு போய் இடிந்த மதிலை ஒவ்வொரு வாசலாகப் பார்க்கிறார். ஓர் இடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் நடக்கக்கூட வழியில்லை, அவ்வளவு இடிபாடு. எழுந்து கட்டுவோம் என்று ஜனங்கள் சொல்வது அதற்கும் பிறகுதான் வருகிறது. நானும் ஒருநாள் ராத்திரி பட்டறையைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, எல்லா பில்லையும் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். விடிவதற்குள் இரண்டு தடவை அழுதேன். ஆனால் அன்றைக்குத்தான் ஆறு மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன், கடன் எவ்வளவு என்று தெரிந்துபோனதால்.

---

தெளிவாகப்பேசு எழுதியது:

வாக்குத்தத்த அட்டை எடுப்பதே தவறான பழக்கம் என்பது என் கருத்து. வசனத்தைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிற மாதிரி எடுத்து அதை வைத்து ஏழு லட்சம் கடன் வாங்குவதற்கு வேதம் எங்கேயும் சொல்லவில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்டிருக்கிறார், லூக்கா 14-ல் இருக்கிறது. வருத்தமாக இருந்தாலும் இதை யாராவது சொல்ல வேண்டும்.

---

டீச்சரம்மா (நாகர்கோவில்) எழுதியது:

மேலே எழுதிய தம்பி சொன்னது சரிதான், ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே என் தப்பு என்று எழுதிவிட்டதே. ஒத்துக்கொண்டவனிடம் அதையே திரும்பவும் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மகனே, பாவம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாரே அந்தப் பெரியவர், அவருக்காக நான் வருத்தப்படுகிறேன். எல்லாம் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர் வந்து முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது எவ்வளவு நல்ல காரியம். நீ பாவம் செய்திருப்பாய் என்று வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது யோபுவிடம் இல்லை, அவர்களிடம்.

நீ கோவிலுக்குப் போக வெட்கப்படுகிறாய் என்று புரிகிறது. என் வீட்டுக்காரர் மீன் வலை வியாபாரத்தில் நஷ்டப்பட்டபோது ஒரு வருடம் வாசல் திண்ணையில்கூட உட்கார மாட்டார். அப்போது நான் யோவான் எழுதின சுவிசேஷத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது, கவனித்திருக்கிறாயா? சீஷனான பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்று, இயேசுவை எனக்குத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்புப் பக்கத்தில். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்புப் பக்கத்தில்தான். அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறினதும் பேதுருவுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று நான் நினைப்பேன். மூன்று தடவை மறுத்தவனிடம் மூன்று தடவை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் முன்னால் சாப்பிட வாருங்கள் என்றார். இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு.

ஆகையால் நீ ஓவன் பக்கம் திரும்பப் போகத்தான் வேண்டும் மகனே. உடனே இல்லை, உன் நேரத்தில் போ.

ஆனால் அந்த இரண்டு லட்சத்தை இன்று ராத்திரியே அவளிடம் சொல்லிவிடு. நான் மனைவியாக இருந்து சொல்கிறேன், கடன் என்னை அவ்வளவாக நோகடிக்கவில்லை, ஊரில் மூன்றாவது ஆள் வாயால் அதைக் கேட்டதுதான் நோகடித்தது. பிள்ளைகள் தூங்கின பிறகு, தொகையைச் சரியாகச் சொல், ஒரு ஐயாயிரத்தைக்கூடக் குறைத்துச் சொல்லாதே.

---

பழையபுத்தகம் எழுதியது:

உங்கள் அட்டையில் வந்த வசனத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏசாயா 54:2-ஐ வைத்துத்தான் 1792 மே மாதம் இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரில் வில்லியம் கேரி பிரசங்கம் செய்தார். செருப்புத் தைத்துப் பிழைத்தவர், அப்போது அவருக்கு முப்பது வயது. கூடாரத்தை விசாலமாக்கச் சொல்லிப் பிரசங்கித்துவிட்டு மறு வருடம் மிஷனரியாகக் குடும்பத்தோடு வங்காளத்துக்கே வந்துவிட்டார்.

வந்த பிறகு என்ன நடந்தது? கையில் இருந்த பணம் சீக்கிரமே தீர்ந்துபோனது. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனான். மனைவி டாரத்தியின் மனநிலை குலைந்து, 1807-ல் அவர் இறக்கும்வரை தேறவே இல்லை. இதில் கேரியின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன், வர விருப்பமில்லாத மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார், அதை மறைத்து அவரைப் புனிதராக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவருடைய ஊழியத்தில் முதல் ஆளாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-ஆம் தேதி, அதாவது ஏழு வருடம் கழித்து.

அப்புறம்தான் தீ. 1812 மார்ச் 11 மாலை, கல்கத்தா பக்கத்தில் செராம்பூரில் கேரியும் சக மிஷனரிகளும் நடத்திய அச்சுக்கூடம் எரிந்தது. கேரி கல்கத்தாவில் இருந்தார், மறுநாள் அந்த மிஷனரிகளில் ஒருவரான மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னபோது அழுதார். பல மொழிகளுக்காக வார்த்து வைத்திருந்த ஈய எழுத்துகள் உருகிவிட்டன, காகிதம் சாம்பல், அவர் வருடக்கணக்காகச் சேர்த்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும் போயிற்று. அதற்கு நகல் கிடையாது.

ஆனால் இடிபாட்டைக் கிளறியபோது எஃகுப் பொறிகள் கெடாமல் கிடைத்தன. விளங்கும்படி சொல்கிறேன். ஓர் எழுத்தை முதலில் எஃகுத் துண்டின் நுனியில் செதுக்குவார்கள். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றினால் அச்செழுத்து. ஈயம் உருகிப்போனாலும் எஃகு இருந்தால் திரும்ப வார்த்துக்கொள்ளலாம். உருகிக் கிடந்த ஈயத்தையே அள்ளி உடனே வார்க்கத் தொடங்கினார்கள். அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. எரிந்துபோன மொழிபெயர்ப்பைத் திரும்பச் செய்வதைப் பற்றிக் கேரி எழுதியது, ஒரு பாதையில் இரண்டாம் தடவை நடக்கும்போது முதல் தடவையைவிடச் சுலபமாகவும் நிச்சயமாகவும் நடக்கலாம் என்ற பொருளில் வரும். நம் ஐயர்மார் பலர் பட்டம் வாங்குகிற செராம்பூர்க் கல்லூரி தொடங்கியது 1818-ல், தீக்கு ஆறு வருடம் கழித்து.

பன்னிரண்டு வருடம் மாஸ்டரிடம் நின்று கற்றது உங்கள் எஃகு. கடை ஈயம்.

வசனத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு முந்தைய வசனத்தை வாசித்துப் பாருங்கள். அது பிள்ளை பெறாதவளைப் பார்த்துச் சொன்னது, எல்லாம் இழந்து சிறைப்பட்டுப் போன ஜனத்தைப் பார்த்துச் சொன்னது. நன்றாக ஓடுகிற கடைக்காரனுக்கு இன்னொரு கடை திற என்று சொன்னதாக என்னால் வாசிக்க முடியவில்லை. நீங்கள் அதை முந்திக்கொண்டு எடுத்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. இப்போது வாசித்தால் அது வேறு மாதிரி கேட்கும்.

---

பேக்கரிக்காரன் எழுதியது (பதினெட்டு நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி, தனித்தனியாக எழுதத் தெரியவில்லை. டீச்சரம்மா, அன்று ராத்திரி சொல்ல முடியவில்லை, மறுநாள் ராத்திரி சொன்னேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து முன்னால் வைத்து, பெரிய ஓவன் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். லேத்பட்டறை அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே முதல் ஆள் பாதி விலைதான் கேட்டார், நாலாவது ஆளிடம் கொடுத்தோம். அந்தப் பணத்தில் வட்டிக்காரர் கணக்கு முடிந்தது. வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

தெளிவாகப்பேசு, நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. லூக்கா 14 வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏசாயா 54-ஐ முழுவதும் வாசித்தேன், நாலாம் வசனத்தில் பயப்படாதே, நீ வெட்கப்படுவதில்லை என்று வருகிறது. இத்தனை மாதம் கல்லாப்பெட்டியைப் பார்த்தவன் அந்த இரண்டு வசனம் தள்ளிப் பார்க்கவில்லை.

சின்ன ஓவன் ஒன்றை விற்காமல் வீட்டுப் பின்கட்டில் வைத்திருக்கிறோம். ஒரு கல்யாண வீட்டுக்கு ஐந்து கிலோ மக்ரூன் கேட்டிருக்கிறார்கள். மக்ரூனுக்கு ஈரக்காற்று ஆகாது, நேற்றிலிருந்து இங்கே மழை. முட்டை வெள்ளைக்கருவை அடித்து, சீனியும் முந்திரித் தூளும் சேர்த்து ஊற்றின முதல் டிரே முழுவதும் படிந்துபோய் ஒட்டிக்கொண்டது. ஜன்னலைச் சாத்தி, சூட்டைக் குறைத்து இரண்டாவது டிரேயை வைத்திருக்கிறேன். இன்னும் நாற்பது நிமிடம் ஆகும், அவள் ஓவன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.