புதுப்பிப்பு: ஊரில் சொல்லிக்கொண்டு கிளம்பியாச்சு

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து காஷ்மீருக்கு சைக்கிளில் போகப்போகிறேன், ஆச்சி சம்மதிக்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். சம்மதித்துவிட்டார்! இன்று விடியற்காலையில் அவரே திருநீறு பூசி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "ராத்திரியில மட்டும் ஓட்டாதே ராசா" என்பதுதான் ஒரே நிபந்தனை. கண்டிப்பாக ஓட்ட மாட்டேன்.

சைக்கிள் கடை அண்ணாச்சி பின்சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்து, தொய்ந்திருந்தவற்றை முறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவே இல்லை. சுமையெல்லாம் பின்னால்தானே, கம்பி அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். வீட்டுக்கு வீடு கடலைமிட்டாய் வேறு. பாதியைத் தெருப்பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான்.

பாதை கேட்டவர்களுக்கு: 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சேலம், ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வழியாக ஸ்ரீநகர் வரை ஒரே சாலை. இன்றிரவு மதுரையில் தங்குகிறேன், நாளை திண்டுக்கல் பக்கம்.