உதவி: ரூட்டர் (மரத்துல டிசைன் வெட்டுற மெஷின்) ஓடும்போதே பிட் (வெட்டுற முனை) கீழ இறங்குது, பலகை நாசம்

சிப்புட்_தம்பி · வெள்ளி, இரவு 9.52
அண்ணன்மாரே அவசரம். போஸ்ல (தபால்ல) பிட் செட் ஒண்ணு வாங்கினேன், வந்து மூணு நாள் ஆச்சு. பலகை ஓரத்துல டிசைன் இழுக்கறப்ப பிட் தானா கீழ இறங்கிடுது. ஆரம்பத்துல சரியா இருக்கு, ஒரு அடி போனதும் பள்ளம் ஆழமாயிடுது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அதே கதைதான். ரெண்டு பலகை போச்சு. அடுத்த ஞாயிறு வீடு குடிபோறோம், அதுக்குள்ள சாமி மேடை முடியணும். என்ன பண்ண?

கங்சார்_கட்டை · 10.05
எந்த மெஷின்? சின்ன டிரிம்மரா, ரெண்டு கைப்பிடி வச்ச பெருசா? பிட் தண்டு என்ன சைஸ்? என்ன மரம்? ஒண்ணுமே சொல்லாம கேட்டா ஜோசியம்தான் பார்க்கணும் லா.

ஒயர்மேன் · 10.11
சாயங்காலம் ஏழு மணிக்கு மேல உங்க பக்கம் கரண்டு இறங்குதான்னு பாரு. எங்க தோட்டத்துல லயத்துக்கெல்லாம் ஒரே லைன், எல்லா வீட்லயும் சோறு வைக்கிற நேரத்துல கிரைண்டர் முனகும். 230 வோல்ட் வரணும், 200 வந்தா மோட்டார் திணறும்.

கங்சார்_கட்டை · 10.14
மோட்டார் திணறினா சுத்து குறையும் அண்ணே. பிட் எப்படிக் கீழ இறங்கும்?

ஒயர்மேன் · 10.15
அதிர்வு. எல்லாத்துக்கும் மூலம் கரண்டுதான்.

பட்டறை_பெரியவர் · 10.31
முப்பது வருஷம் பர்னிச்சர் பேக்டரில நின்னவன் சொல்றேன். இது சாமான் கோளாறு இல்ல, கைக் கோளாறு. பிட்டை உள்ள விட்டு அடி தட்டுற வரைக்கும் அமுக்கி, அப்படியே நட்டை முறுக்குறீங்க. நட்டு இறுகும்போது கோலட், அதான் பிட் தண்டைக் கவ்விப் பிடிக்கிற வளையம், பிட்டைக் கொஞ்சம் உள்ள இழுக்கும். அடியில இடம் இல்லேன்னா பிடி விழாது, இறுகின மாதிரி ஏமாத்தும். அடி தட்டினதும் ரெண்டு மூணு எம்எம் மேல தூக்கி, அப்புறம் முறுக்கணும். எங்க காலத்துல இதை முதல் நாளே மண்டையில குட்டிச் சொல்லித் தருவாங்க. இப்ப வீடியோ பார்த்து ஆசாரி ஆயிடுறாங்க.

தைப்பிங்_மீனா · 10.40
பெரியவரே, குட்டாமலும் சொல்லித் தரலாம். தம்பி, என்ன மரம்னு சொல்லவே இல்லையே?

சிப்புட்_தம்பி · 10.58
டிரிம்மர்தான். தூக்கி முறுக்கிப் பார்த்தேன், அப்பவும் இறங்குது. ரப்பர் மரம்.

வெர்னியர்_வாத்தி · 11.20
முறுக்கறதை நிறுத்துங்க. மெஷினோட பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு வேலை செய்யுங்க. பிட்டைக் கழட்டி விளக்குக்கு நேரா பிடிச்சு தண்டைப் பாருங்க. கருப்பா வளையம் வளையமா, இல்ல திருகு மாதிரி கீறல் இருக்கா? இருந்தா கோலட்டுக்குள்ள தண்டு வழுக்கிச் சுத்தியிருக்கு. காரணம் அநேகமா சைஸ்.

நம்ம ஊருல விக்கிற டிரிம்மர் பலதுக்கு கோலட் கால் இஞ்ச், அதாவது 6.35 எம்எம். போஸ்ல வாங்குற இடத்துல ஒரே படத்துக்குக் கீழ 6, 6.35, 8ன்னு மூணு கட்டம் போட்டிருப்பாங்க. அவசரத்துல முதல் கட்டத்தை அமுக்கிட்டா 6 வந்துடும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உள்ள போகும், நட்டும் இறுகும். ஆனா கோலட் 0.35 எம்எம் சுருங்குறதுக்குன்னு செஞ்ச சாமான் இல்ல. வாய் ஓரத்துல மட்டும் பல்லால கவ்வுற மாதிரி பிடிக்கும், முழு நீளத்துக்கும் பிடிக்காது. வெட்டுற பாரம் ஏறினதும் நழுவும். நிமிஷத்துக்கு 30,000 சுத்து சுத்துற மெஷின் அது. இறங்கறதோட விட்டா உங்க நல்ல நேரம், கழன்று பறந்தா கண்ணு போயிடும்.

பாதி இறுக்கத்துல ஒரு தடவை ஓட்டின கோலட்டோட உள்பக்கத்தையும் தடவிப் பாருங்க. கோலட்டோட பிளவுகள்ல மரத்தூள் அடைச்சிருந்தாலும் இதே கோளாறு வரும். பழைய பல் தேய்க்கிற பிரஷ் போதும்.

தண்டை அளக்க வெர்னியர் (எம்எம்ல நுணுக்கமா அளக்கிற கருவி) இருக்கா?

பட்டறை_பெரியவர் · 11.34
காகிதத்தைச் சுத்திப் போட்டா 6 எம்எம் கால் இஞ்ச் ஆயிடும். நாங்க அப்படித்தான் ஓட்டினோம்.

வெர்னியர்_வாத்தி · 11.36
ஐயா, மத்த எல்லாம் சரி. அதை மட்டும் யாரும் செய்யாதீங்க. தயவு பண்ணி.

கங்சார்_கட்டை · 11.41
இதுக்குத்தான் நான் போஸ்ல வாங்குறதே இல்ல. சிப்புட்லேர்ந்து ஈப்போ 30 கிலோமீட்டர்கூட இல்ல, கடையில நேர்ல போட்டுப் பார்த்து வாங்கலாம்.

சீனி_பெட்டி · 11.50
ஈப்போ கடையில ஒரு பிட் 18 வெள்ளி (ரிங்கிட்) சொன்னாங்க. போஸ்ல 15 பிட் 38 வெள்ளி. 500 வெள்ளிக்குள்ள வெளிநாட்டுச் சாமானுக்கு வரியும் இல்ல.

கங்சார்_கட்டை · 11.54
அது பழைய கதை. 2024 ஜனவரி 1லிருந்து 500 வெள்ளி வரைக்கும் உள்ள வெளிநாட்டுச் சாமானுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கு. காசு கட்டும்போதே சேர்த்து எடுத்துக்கிறாங்க, அதான் தெரியல.

சீனி_பெட்டி · 11.57
அப்பவும் மலிவுதானே?

மேடை_மணி · சனி, காலை 7.15
சாமி மேடைக்கு ரப்பர் மரமா? பலா, தேக்கு, இல்லாட்டி செங்கால் மரத்துல பண்ணுங்க தம்பி. ரப்பர் கட்டை விறகுக்குத்தான் ஆகும். ஆறு மாசத்துல வண்டு விழுந்து சாமி படத்து மேல மாவு கொட்டும்.

தைப்பிங்_மீனா · 7.40
பச்சையா அறுத்த கட்டைன்னா கொட்டும். வெட்டின சில நாள்லயே நீலக் கறையும் பூத்துடும். போரான் மருந்து ஏத்தி சூளையில காய வச்ச பலகைக்கு அந்தப் பயம் இல்ல. நீங்க காலைல உக்காந்து காப்பி குடிக்கிற மேசை பாதி ரப்பர் மரமாத்தான் இருக்கும்.

மேடை_மணி · 7.52
மேசை வேற, மேடை வேற. பால் வடியிற மரத்தை சாமிக்கு வைக்கிற வழக்கம் இல்ல.

தைப்பிங்_மீனா · 8.03
பலாவுலயும் பால்தான் அண்ணே வடியுது. கத்தியில ஒட்டினா எண்ணெய் போட்டுத்தானே எடுக்கறீங்க?

எல்பில்_பேரன் · 8.20
எங்க பாட்டி காலைல அஞ்சு மணிக்கு நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு அந்த மரத்தைச் சீவித்தான் எங்கப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்புச்சு. முதல் மரத்துக்குக் கத்தி வைக்கும்போது கும்பிட்டுட்டுத்தான் வைக்கும். அதுல மேடை செஞ்சா எந்த சாமி கோவிச்சுக்கும்?

மேடை_மணி · 8.31
நான் பாட்டியைப் பத்திப் பேசல. மரத்தைப் பத்திப் பேசினேன்.

எல்பில்_பேரன் · 8.32
நானும் மரத்தைப் பத்தித்தான் பேசினேன்.

ஒயர்மேன் · 9.10
அந்தத் தம்பி எங்க? கரண்டு அளந்தாரா?

வெர்னியர்_வாத்தி · 9.25
தம்பி, வெர்னியர் இல்லேன்னா ஒரு வழி. உங்க மெஷினோட வந்த பழைய பிட் இருக்கும்ல, அதையும் புதுசையும், வெட்டுற தலை மேசை ஓரத்துக்கு வெளிய நிக்கிற மாதிரி, தண்டு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சு ஒரு இரும்பு ஸ்கேலைத் தண்டுக மேல குறுக்கா வைங்க. ஸ்கேல் ஒரு பக்கம் சாஞ்சா சைஸ் வேற. செட்டைத் திருப்பி அனுப்பத் தேவையில்ல. உங்க மாடலுக்கு 6 எம்எம் கோலட் தனியா கிடைக்குதான்னு கேளுங்க, பல மாடலுக்குக் கிடைக்கும். அது மட்டும் மாத்தினா 15 பிட்டும் வேலைக்கு ஆகும்.

இன்னொண்ணு. டிசைனை ஒரே இழுப்புல முழு ஆழத்துக்கு வெட்டாதீங்க. மூணு தடவையா இறக்குங்க. பலகை ஓரம் உங்க முன்னால இருந்தா மெஷினை இடமிருந்து வலமாத் தள்ளுங்க, எதிர்ப்பக்கம் ஓட்டினா மெஷின் உங்களை இழுத்துக்கிட்டு ஓடும்.

சிப்புட்_தம்பி · ஞாயிறு, மாலை 6.47
6 தான். ஸ்கேல் சாஞ்சுச்சு. தண்டுல கருப்பு வளையமும் இருந்துச்சு. ஈப்போ போயி கோலட் வாங்கிட்டேன், இப்ப நகரல. நன்றி எல்லாருக்கும், வார்னிஷ் அடிக்கணும் ஓடுறேன்.

பட்டறை_பெரியவர் · 7.02
கோலட்லதான் கோளாறுன்னு நான் முதல்லயே சொன்னேன்.

கங்சார்_கட்டை · 7.05
கடைசில ஈப்போதான் போனாரு, பார்த்தீங்களா.

சீனி_பெட்டி · 7.30
தம்பி, நானும் அதே செட்தான் வாங்கியிருக்கேன் போல. எந்தக் கடை, கோலட் எவ்வளவு?