தெர்மல் கிளிப்: மாஸ் எஃபெக்ட் 2 செஞ்சது வளர்ச்சியா, வீழ்ச்சியா?

பழைய_ஸ்பெக்டர்:
"மாஸ் எஃபெக்ட் 2 வீடியோ கேம்ல வந்த புது அம்சங்கள்லயே தெர்மல் கிளிப்தான் உச்சம்"னு ஒரு மேதை வேற இழையில முழங்கியிருக்கார். 2007-ல வந்த முதல் பாகத்துல குண்டே தீராது. விடாம சுட்டா சூடேறும், பட்டை நிறைஞ்சா துப்பாக்கி அலறிட்டுச் சில நொடி பூட்டிக்கும். பட்டை நிறையாமப் பார்த்து விட்டு விட்டுச் சுடணும், அதுதான் ஆட்டமே. 2010-ல வந்த ரெண்டாம் பாகத்துல அதைத் தூக்கிட்டு நம்மளைத் தரையில கிளிப் பொறுக்க விட்டாங்க. கிளிப்னா துப்பாக்கியோட சூட்டை வாங்கிக்கிற, கழட்டி மாத்துற துண்டு; அது தீர்ந்தா சுட முடியாது. இதுவா உச்சம்?

கவர்_கந்தன்:
அந்த மேதை அடியேன்தான். முதல் பாகத்துல ஸ்பெக்டர் அசால்ட் ரைஃபிள் வாங்கி, சூட்டைக் குறைக்கிற ஃப்ரிக்‌ஷன்லெஸ் மெட்டீரியல்ஸ் பத்தாம் நிலை ரெண்டு மாட்டினா சூடே ஏறாது. அப்புறம் எங்க இருந்து வந்துச்சு உங்க ஆட்டம்? பாகம் 2-ல மான்டிஸ் ஸ்னைப்பருக்கு ஒரு குண்டு, உடனே ரீலோட், கையிருப்பும் சொற்பம். குறி தப்பினா வலிக்கும். தீர்ந்தா பிஸ்டலுக்கு மாறணும்.

பழைய_ஸ்பெக்டர்:
மாறணுமா, ஏன்? கிளிப் எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுன்னுதானே ஆட்டமே சொல்லுது. ஸ்னைப்பர் காலியானா பிஸ்டல்ல மிச்சம் இருக்கிறதை மாட்ட விடாதது ஏன்? கூட வர்றவங்களுக்கு மட்டும் குண்டே தீராதது ஏன்? அதை விடுங்க. கூட வர்ற ஜேக்கப்போட விசுவாசத்தைச் சம்பாதிக்கிற லாயல்டி மிஷன்ல ஹியூகோ கெர்ன்ஸ்பேக் கப்பல் ஏயா கிரகத்துல விழுந்து பத்து வருஷம் ஆச்சு. நாம ஆடுற ஷெப்பர்ட் செத்துக் கிடந்ததே ரெண்டு வருஷம், கிளிப் புழக்கத்துக்கு வந்தது அந்த இடைவெளியில. அப்போ ஏயாவுல கிளிப் கிடக்கிறது எப்படி?

பயாட்டிக்_பாமா:
ரெண்டு பேருக்கும் துப்பாக்கியை விட்டா வேற தெரியாதா? பெரிய மாற்றம் கூல்டவுன், அதாவது ஒரு பவரைப் போட்டா அடுத்தது போடக் காத்திருக்கிற நேரம். முதல் பாகத்துல லிஃப்ட், த்ரோ, சிங்குலாரிட்டி ஒவ்வொண்ணுக்கும் தனிக் கடிகாரம். ரெண்டுல ஒண்ணைத் தொட்டா எல்லாமே பூட்டிக்கும். உச்சக் கடின நிலையான இன்சானிட்டியில, ஜோம்பி மாதிரி ஓடி வர்ற ஹஸ்குக்குக் கூட ஆர்மர், ஆளைத் தூக்கி மிதக்க விடுற புல் பவரைப் போட்டா அசையாது. முதல்ல வார்ப்போ இன்சினரேட்டோ போட்டு ஆர்மரை உரிக்கணும், அப்புறம் புல், மிதக்கிறப்ப இன்னொரு வார்ப், அப்போதான் வெடிக்கும். பவரையே நம்பி இருக்கிற அடெப்ட் வகுப்பை ஆடுறவங்க படுற பாடு இது.

கவர்_கந்தன்:
அதேதான் பாமா! ஷீல்டுக்கு ஓவர்லோட், பேரியருக்கு வார்ப், ஆர்மருக்கு இன்சினரேட். குண்டு தீரும்னு பயம் இருந்தாத்தான் ஆளு பவரையே தொடுவான். எல்லாத்துக்கும் காரணம் கிளிப்.

பயாட்டிக்_பாமா:
நான் திட்டினதை எடுத்து உங்க கட்சியில சேர்க்காதீங்க.

பழைய_ஸ்பெக்டர்:
ஏயாவுல கிளிப் எப்படி?

மாக்கோ_மணி:
கிளிப் கிடக்கட்டும் அண்ணே, முதல் பாகத்துல கிரகத்துல ஓட்டின மாக்கோ வண்டியை எடுத்துட்டு, கனிமத்துக்காகக் கிரகம் ஸ்கேன் பண்ண விட்டாங்களே, அதை ஏன் யாரும் கேக்கல? அலை துள்ளுற இடமாப் பார்த்து ஒவ்வொரு ப்ரோபா விடணும், முப்பது தீர்ந்தா டிப்போவுக்கு ஓடணும். கப்பலுக்குப் போடுற தானிக்ஸ் பீரங்கிக்கு மட்டும் 15,000 பிளாட்டினம்! அதைப் போடாம கடைசிப் பணிக்கு ஒமேகா 4 ரிலேயைத் தாண்டினா கூட இருக்கிற ஒரு ஆள் காலி.

கவர்_கந்தன்:
மாக்கோவா? செங்குத்து மலையில உருண்டுகிட்டே இருந்ததுக்குப் பேரு வண்டியா?

மாக்கோ_மணி:
ஓட்டத் தெரியாதவங்களுக்கு எல்லாம் உருளும்.

பழைய_ஸ்பெக்டர்:
பேச்சை மாத்தாதீங்க கந்தன். ஹேலோ 2 இழையில ரெண்டு கையிலயும் துப்பாக்கி பிடிக்கிற டூயல் வீல்டிங்குக்குக் கொடி பிடிச்சு, பதில் இல்லாம நழுவின ஆளுதானே நீங்க. ஏயாவுல. கிளிப். எப்படி?

கவர்_கந்தன்:
ஹேலோவை இங்க இழுக்கிறப்பவே சரக்கு தீர்ந்துடுச்சுன்னு தெரியுது. கெத்ங்கிற ரோபோ இனம்தான் கிளிப்பை முதல்ல பயன்படுத்தி, அப்புறம்தான் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்கன்னு ஆட்டத்துக்குள்ள இருக்கிற கோடெக்ஸ் குறிப்புலயே இருக்கு. படிங்க.

பழைய_ஸ்பெக்டர்:
படிச்சதாலதான் கேக்கறேன். ஏயாவுக்குக் கெத் வந்து கொடுத்துட்டுப் போச்சா? உங்க கிளிப் அவ்வளவு உசத்தின்னா 2012-ல மூணாம் பாகத்துல புரோத்தியன் பார்ட்டிகிள் ரைஃபிளைத் தானா ஆறுற மாதிரி ஏன் கொண்டு வந்தாங்க?

கவர்_கந்தன்:
அது அப்போ தனியாக் காசு கொடுத்து வாங்கின கூடுதல் பகுதி, டிஎல்சி, கணக்குல வராது.

பயாட்டிக்_பாமா:
ஏன் வராது? அந்த டிஎல்சியிலதான் நம்ம கூட வர்ற புரோத்தியன் ஜாவிக்கே வர்றான். அவனும் கணக்குல இல்லையா?

மாக்கோ_மணி:
ஜாவிக் பேச்சை எடுத்தா நான் புரோத்தியன்களை ஆராயுற லியாரா பக்கம், இப்பவே சொல்லிட்டேன்.